மீட்டிங்குக்குப் பத்து நிமிஷம் முன்னால் நின்ற தறிகள்

சாமி,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு முந்தாநாள் அச்சகத்திலிருந்து வந்தது. மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைக் குலசாமி கோயிலில் வைத்துவிட்டு வந்தோம். அடுத்தது யாருக்கு என்று உன் அம்மா கேட்டாள். தாய்மாமனுக்கு வைப்பதுதான் வழக்கம். நான் தங்கராசுக்கு என்றேன். அவள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தாள். நேற்று வெண்ணந்தூர் போய், அந்தப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் எனக்குக் கோபம் வந்து கத்துவேன். நீயும் 'சரிங்கப்பா, சரிங்கப்பா' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் நான் நிதானமாகச் சொல்லலாம், நீயும் பாதியில் எழுந்து போக முடியாது.

இதை நீ படித்துவிட்டுக் கிழித்துப் போடும் கடிதமாக நான் எழுதவில்லை. முதல் பிரதி உனக்கு. கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, நம் தெரு மாரியம்மன் கோயிலில், தெருத் தறிக்காரர்கள் கூடியிருக்கும்போது இதை எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறேன். தங்கராசை நான் கேள்வி கேட்டது அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால். அதனால் இதையும் அங்கேதான் சொல்ல வேண்டும். உனக்கு அவமானமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும்தான். ஆனால் இந்த விஷயத்தில் நம் இரண்டு பேருடைய அவமானத்தைப் பற்றி யோசிக்கிற உரிமை நமக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

தங்கராசு யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கப் போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ பிறந்த வருஷம் நம் பட்டறைக்கு வந்தவர். இருபத்தாறு வருஷம் பகல் ஷிப்ட் ஓட்டினார். வீட்டை ஒட்டின பட்டறையில் ஆறு தறி, சுவருக்கு இந்தப் பக்கம் உன் தொட்டில். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகின பிள்ளை நீ. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொண்டு வீலென்று அழுவாய். அப்போதெல்லாம் கரண்ட் அடிக்கடி போகும். போனதும் மற்ற ஆட்கள் பீடி பற்ற வைக்க வெளியே போய்விடுவார்கள். தங்கராசு மட்டும் சுவரோரத் தறியின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டு நிற்பார். டக் டக் என்று ஒரு தறியின் சத்தமாவது கேட்டால் நீ திரும்பவும் தூங்கிவிடுவாய் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. இதற்காக அவருக்கு நானோ உன் அம்மாவோ நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை.

என் மேல் உள்ள தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கலாம் என்று உன் கம்பெனி சொன்னதும் நீ பெங்களூரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தாய். மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்தாய். அதற்கு நேர் கீழே பட்டறை. ஒரு மாதம் கழித்து நீ என்னிடம் வந்து, மீட்டிங் நடக்கும்போது மட்டும் ஒரு அரைமணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டாய். நான் தறியில் பாவு நூல் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள். "தறிச் சத்தத்துலதான் நீ பொறந்த, படிச்ச, உத்தியோகத்துக்கும் போன. இப்ப என்ன காது புதுசா மொளைச்சிருக்குதா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தங்கராசு மட்டும், பையன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்கண்ணா என்று மெதுவாகச் சொன்னார். நான் அதையும் காதில் வாங்கவில்லை. நீ முகம் சிவந்து மாடிக்குப் போனாய். ஒரு மீட்டிங்கில் உன் மேலதிகாரி, பின்னால் என்ன மாவு மில்லா ஓடுகிறது என்று கேட்டதும், பத்துப் பதினைந்து பேர் சிரித்ததும் எனக்கு அப்போது தெரியாது. போன மாதம்தான், நீ கட்டிக்கொள்ளப் போகிற நிவேதா சொல்லித் தெரிந்தது. அது தெரிந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டால், உண்மையாகவே எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நாட்களில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதற்கப்புறம் நீ தறியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத பிள்ளை என்று நான் சந்தோஷப்பட்டேன். வீடு முழுக்க ஏதேதோ சின்னச் சின்னப் பெட்டிகளை மாட்ட ஆரம்பித்தாய். அம்மாவுக்கு சர்க்கரை டாக்டரைப் பார்க்கும் நாள் என்று போன் காலண்டரில் போட்டு வைத்தால், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் குளியலறையில் வெந்நீர் தானாகப் போட்டுக்கொள்ளும். விருந்தாளி வருகிறார்கள் என்று போட்டால், அவர்கள் வருவதற்குள் மோட்டார் ஓடி மேல் தொட்டி நிரம்பியிருக்கும். அமாவாசை அன்று அம்மா சாமி கும்பிடும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் பூஜை அறை விளக்கு எரியும். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்கு இன்றைக்கு என்ன நடக்கப் போகிறது என்று எங்களுக்கு முன்னாலேயே தெரியும் என்று அளந்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரரைக் கூட்டி வந்து அம்மாவின் அனுமதி இல்லாமலே குளியலறையைத் திறந்து காட்டினேன். அவள் அன்றைக்கு என்னைத் திட்டின திட்டு உனக்கே நினைவிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தறி நிற்க ஆரம்பித்தது. திடீரென்று ஆறு தறியும் ஒன்றாக நின்றுவிடும். வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், தறி லைனில் மட்டும் கரண்ட் இருக்காது. அரைமணி, முக்கால் மணி கழித்துத் தானாக வரும். தறி ஓட்டத்தில் நிற்பது என்றால் என்ன என்று கேட்கிறவர்களில் தறிக்காரர்களுக்குத் தெரியும். ஊடு நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா பாதியில் நின்று இழை அறுந்து போகும். அறுந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்து திரும்ப ஓட்டினால், நின்ற இடத்தில் லுங்கியின் குறுக்கே ஒரு கோடு விழும். கோடு விழுந்த துணியை வியாபாரி திருப்பி அனுப்புவார். லைன்மேனைக் கூப்பிட்டேன். கம்பத்தில் ஒன்றும் இல்லை என்றார். நம்பாமல் அவரோடு சண்டை போட்டேன். வயர்மேன் வந்து ஃபியூஸ் எல்லாம் மாற்றினார். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் உன் பெட்டிகளில் ஒன்று இருந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். தண்ணீர் மோட்டாருக்கு மாட்டியது என்று நீ சொன்னாய். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நீ சொல்வதைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஏழு மாதம் இது நடந்தது. நான் கவனிக்க ஆரம்பித்தேன். ராத்திரி ஷிப்டில் நிற்பதில்லை. பகலில்தான் நிற்கிறது. பகலிலும் பெரும்பாலும் காலை பத்தேகாலைத் தாண்டி, சரியாக டீ வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். சனிக்கிழமை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. சனிக்கிழமை கூலி நாள், நான் பட்டறையிலேயே உட்கார்ந்திருக்கிற நாள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உனக்கு சனி ஞாயிறு ஆபீஸ் இல்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அந்தப் பக்கம் என் புத்தி போகவே இல்லை. தங்கராசுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, முட்டி வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார், டீ குடிக்கிற சாக்கில் உட்கார்வதற்காக லைனை அணைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் வாங்குவது மீட்டர் கூலி, நெய்த துணிக்குத் தகுந்த காசு. தறி நின்றால் நஷ்டம் அவருக்குத்தான். அதை அவரே சொன்னார். "நின்னா எனக்குத்தானுங்கண்ணா கூலி போகுது, நான் எதுக்குங்க நிறுத்தறேன்?" என்று கேட்டார். உடம்பு கேட்குதல்ல, கூலி யாருக்கு வேணும் என்று நான் திருப்பிச் சொன்னேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பதில் என்று எனக்கு நானே அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைத் தெருக்கோயிலுக்கு வரச் சொன்னேன். தட்டில் சூடம் ஏற்றி வைத்தேன். தெருத் தறிக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு, லைனை நான் தொடவில்லை என்று சொல் என்றேன். தங்கராசு தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு, "நான் தொடலீங்க. தொட்டிருந்தா என் கை வெளங்காமப் போகட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். நீ அங்கே நின்றாய். ஆபீஸ் வேலையிலிருந்து அப்படியே இறங்கி வந்தவன், காதில் மாட்டுகிறது கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கோயில் தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாய். அவர் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போகும்போது வழிவிட்டு ஒதுங்கி நின்றாய். உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் இப்போது எத்தனை தடவை நினைத்துப் பார்க்கிறேன் என்று உனக்குச் சொல்ல முடியாது. உன் முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று தேடுகிறேன். நான் அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் பிள்ளை என் பக்கம் நிற்கிறான் என்ற தைரியத்தில் நின்றிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பத்து இருபதுக்குத் தறி மறுபடியும் நின்றது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. தெருவில் நின்று, "கோயில்ல பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்து என்ர பட்டறைல நிக்கறயா?" என்று கத்தினேன். அவர் அறுந்த இழைகளை எல்லாம் முடிந்து முடித்துவிட்டு, கரண்ட் வந்ததும் ஆறு தறியையும் ஓடவிட்டு, அதன் பிறகுதான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். அப்புறம் வரவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணினவன் என்ற பேரோடு நம் ஊரில் எந்தப் பட்டறையிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. குடும்பத்தோடு வெண்ணந்தூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் போன பிறகு ஒரு நாள்கூடத் தறி நிற்கவில்லை. ஆள் போனான், கோளாறும் போச்சு என்று நான் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீ அந்த வாரமே பெட்டியைக் கழற்றிவிட்டாய் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கழற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது சாமி. ஒரு வாரம் முன்னால் கழற்றியிருக்கலாம்.

போன மாதம் சம்பந்தி வீட்டார் திருச்செங்கோட்டிலிருந்து நம் வீடு பார்க்க வந்தார்கள். மறுபடியும் பெங்களூர் ஆபீசுக்கே போய்விட்டிருந்த நீயும் வந்திருந்தாய். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் நிவேதா பட்டறையைப் பார்க்கணும் என்றாள். நான் சந்தோஷமாகக் கூட்டிப் போனேன். அந்தப் பிள்ளை தறியைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, "இதுதானுங்களா மாமா அந்தத் தறி? இவரு மீட்டிங்குக்குப் பத்து நிமிஷம் முன்னால தானா நின்னுக்குமாமே. காலண்டர்ல மீட்டிங் இருந்தாப் போதும், நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னாரு. எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேனுங்க" என்றாள். அவள் மேல் துளி குற்றம் இல்லை. எனக்குத் தெரிந்துதான் எல்லாம் நடந்தது என்று நினைத்துக்கொண்டு, மாமனாரிடம் மாப்பிள்ளையின் சாமர்த்தியத்தைப் பாராட்டினாள். நானும் சிரித்தேன். சம்பந்தி முன்னால் வேறு என்ன செய்வது? ஆமாம்மா, அவன் கெட்டிக்காரன் என்று என் வாயாலேயே சொன்னேன். தறியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உள்ளே வரவில்லை.

அவர்கள் போனதும் நானே மெயினை அணைத்துவிட்டு உன்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டேன். "கோயில்ல நின்னயே சாமி, அப்ப உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியுமுங்க என்றாய். அப்புறம் ஏன் திங்கட்கிழமை நின்றது என்று கேட்டேன். "அன்னிக்கு வெளிநாட்டு ஆளுங்களோட மீட்டிங்குங்கப்பா. அது ஒண்ணு முடிஞ்சதும் கழட்டிரலாம்னு இருந்தேன். நீங்க அவர அனுப்புவீங்கன்னு நெனைக்கலீங்க" என்றாய். ஏன் பத்து நிமிஷம் முன்னாலேயே நிற்கும்படி வைத்தாய் என்றும் கேட்டேன். மீட்டிங் ஆரம்பிக்கிற நேரத்துக்கே நின்றால் நான் கண்டுபிடித்துவிடுவேன், முன்னதாக நின்றால் சந்தேகம் வராது என்றாய். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். எனக்குத் தறி நின்றதுகூடப் பெரிதாகப் படவில்லை. என் புத்தி எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று என் பிள்ளை உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான் என்பதுதான் நெஞ்சைக் குடைகிறது. அந்தக் கணக்கு சரியாகவும் இருந்துவிட்டது. நீ ஏற்பாடு செய்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நான் தங்கராசைப் பிடித்தேன்.

நீ கோபத்தில் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நீ என்னோடு சண்டை போட்டிருக்கலாம். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நேராக வந்து, அப்பா, தறியை நான்தான் நிறுத்தினேன், என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க என்று சொல்லியிருந்தால் நான் குதித்திருப்பேன், நாலு நாள் உன்னோடு சாப்பிட்டிருக்க மாட்டேன், அப்புறம் மாடி அறையின் ஜன்னலுக்கு ஏதாவது வழி பண்ணியிருப்பேன். உனக்கு அந்தத் தைரியத்தை நான் கொடுக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழு மாதமும் ஒரே சோற்றைச் சாப்பிட்டோம் சாமி. இன்றைக்கும் நின்னுருச்சு என்று நான் புலம்பும்போது நீ எதிரே உட்கார்ந்து, லைன்மேனை மறுபடியும் கூப்பிட்டுப் பாருங்கப்பா என்று சொன்னாய். அதை மட்டும் என்னால் செரிக்க முடியவில்லை. நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் ஆகிவிடும். நிவேதாவுக்கு வெந்நீர் முன்னதாகவே தயாராக இருக்கட்டும், விளக்கு தானாக எரியட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்ய நேர்ந்தால், அவளிடம் கேட்டுவிட்டுச் செய். அவள் மறுத்தால் இரண்டு பேரும் சண்டை போடுங்கள். அவள் கண்ணில் படாமல் ஏற்பாடு பண்ணாதே. அதனால் நடுவில் அடிபடுகிறவர் யார் என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

நேற்று நடந்ததற்கு வருகிறேன். சங்ககிரியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். அவரிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன். வெண்ணந்தூரில் விசாரித்துக்கொண்டு போனபோது தங்கராசு பன்னிரண்டு தறி ஓடுகிற ஒரு பட்டறையில் வேலையாக இருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. ரெண்டு நிமிஷம் வெளியே வரியா என்று சைகை காட்டினேன். "நிறுத்த முடியாதுங்கண்ணா. நிறுத்துனா கேப்பாங்க. இப்படியே சொல்லுங்க, கேக்கும்" என்றார். அதனால் தறிச் சத்தத்துக்கு நடுவில் கத்தித்தான் சொன்னேன். தப்பு என் மேல, நீ லைனைத் தொடவில்லை, எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றுதான் நிறுத்தியிருக்கிறது என்று கத்தினேன். பக்கத்துத் தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு இழையை முடிந்துகொண்டிருந்தார். அதை முடித்துவிட்டுத்தான் பேசினார். "சூடம் அணைக்கச் சொன்னீங்க, அணைச்சேன். அதுல எனக்கு வருத்தமில்லீங்க. அணைச்சதுக்கப்புறமும் நம்பலீங்களே, அதானுங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

பிறகு அவர் பக்கத்தில் வந்து கேட்டார். "அந்தப் பெட்டியத் தம்பிதானுங்க மாட்டுனாப்ல? கோயிலுக்கு வந்திருந்தாப்லயே. அன்னிக்குத் தம்பிக்கு இது தெரியுமாங்க?"

சாமி, உண்மையைச் சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். வழி நெடுக அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் அப்படிக் கேட்டதும், தொட்டிலுக்காகச் சக்கரம் சுற்றின ஆளிடம், அந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "தெரியாது, அவனுக்கே தெரியாம நடந்துருச்சு" என்று கத்தினேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் காதில் விழாமல் போய்விடக் கூடாதே என்று இரண்டாவது தடவையும் கத்தினேன். கோயிலில் அவரைச் சத்தியம் பண்ண வைத்தவன், அவர் முன்னால் நின்று இரண்டு தடவை பொய் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன். அந்த நிமிஷத்திலிருந்து உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு இருந்த யோக்கியதையும் போய்விட்டது. உன் மேல் உள்ள கோபம் மட்டும் போகவில்லை.

அவர் முகம் அப்போதுதான் இளகியது. "அப்பச் சரிங்க. தம்பிக்குத் தெரியாம நடந்ததுக்கு என்ன பண்றதுங்க. கல்யாணத்துக்கு வாரேன்" என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினார். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று படித்துப் பார்த்தார். முந்தின நாளே வந்து பந்தல் வேலை ஏதாவது பார்க்கட்டுங்களா என்று கேட்டார். நான் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்விதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அவருக்குக் குறைந்துபோன கூலி, போன வேலை, அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அது என் பொறுப்பு. தெருவில் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் உன்னுடையது, அதை நான் பொய்யாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் உன் கல்யாணத்துக்கு வருவது அந்தப் பொய்யை நம்பித்தான். அப்படி நம்பி வந்து, அந்தக் கையால் உன் தலையில் அவர் அட்சதை போடுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை நான் கோயிலில் இதைப் படிப்பதற்கு முன்னால் நீ அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். உண்மை தெரிந்தால் அவர் வராமல் போகலாம். போகட்டும். உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாமலும் போகலாம். அதையும் நீ நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நிவேதாவுக்கும் இதைச் சொல்லிவிடு. அந்தப் பிள்ளை இன்னமும் எல்லோரிடமும் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போனில் சொல்லிவிடலாம் என்று நினைக்காதே. நேரில் போ. எந்த நேரத்தில் போனாலும் அவர் வேலையில்தான் இருப்பார், தறி ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தச் சொல்லாதே. அந்தச் சத்தத்துக்கு மேலே, அவர் காதில் விழும்படி, 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டு வா.

அப்பா